இன்சுலினோடு வெளிநாட்டுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு இதுவரை ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். ஐந்து முறையும் கைப்பையில் இன்சுலின் இருந்தது. ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கி 17 ஆண்டுகள் ஆகின்றன. அதனால் எங்கள் தெருவில் சர்க்கரை நோய் உள்ள யாருக்கு விசா வந்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. எத்தனை யூனிட் போடுவது, எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

ஊசியும் இன்சுலினும் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்களா?

மாட்டார்கள். எல்லோரும் முதலில் அஞ்சுவது இதற்குத்தான். இந்தப் பயணத்தில் மிகக் குறைவாக அஞ்ச வேண்டியதும் இதற்குத்தான். 2006ஆம் ஆண்டு லண்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு, கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட திரவக் குப்பிகள் கூடாது என்ற கட்டுப்பாடு பல நாடுகளில் வந்தது. மருந்துக்கு அதில் விலக்கு உண்டு. இன்சுலின் குப்பியோ 10 மி.லி.தான், இன்சுலின் பேனாவில் (பேனா வடிவில் உள்ள ஊசிக் கருவி) போடும் கார்ட்ரிட்ஜ் என்ற மருந்துக் குழாய் 3 மி.லி.தான். சிரிஞ்ச், பேனா ஊசி, விரலில் குத்தும் லான்செட் எல்லாம் மருந்தோடு சேர்ந்து இருந்தால் விடுவார்கள். மருந்தே இல்லாமல் சிரிஞ்ச் கட்டு மட்டும் இருந்தால்தான் கேள்வி எழும்.

எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரிகிற ஒரே பையில் போட்டு, சோதனைத் தட்டில் தனியாக வையுங்கள். கேட்பதற்கு முன்பே நீங்களே காட்டிவிடுங்கள். சென்னையில் சோதனை செய்யும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரில் பலருக்குத் தமிழ் தெரியாது. அதற்காகக் கலங்க வேண்டாம். ‘இன்சுலின்’ என்ற சொல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பையைத் தொட்டுக் காட்டி அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். கைப்பையைச் சோதிக்கும் எக்ஸ்ரேயில் போனால் இன்சுலின் கெட்டுவிடாது.

பெரிய பெட்டியில் பத்திரமாக வைத்து அனுப்பிவிடலாமா? கையில் எதற்குச் சுமை?

கூடவே கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் சரக்கு வைக்கும் இடம் உறையும் அளவுக்குக் குளிரக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிப் பழைய நிலைக்கு வந்தாலும் வேலை செய்யாது. இன்னொன்று, பெட்டி உங்களோடு வந்து சேரும் என்ற உறுதியும் கிடையாது. ஒரு பயணத்தில் என் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. புடவைக்கும் ஊறுகாய்க்கும் காத்திருக்கலாம், இன்சுலினுக்குக் காத்திருக்க முடியாது.

கைப்பையில் வைத்தாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். விமானம் நிரம்பி, தலைக்கு மேலே இடம் இல்லை என்றால், ஏறும் வாசலிலேயே கைப்பெட்டியை வாங்கி அடியில் அனுப்பிவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும், அவசரப்படுத்துவார்கள், யோசிக்க நேரம் இருக்காது. அதற்காகத்தான் மருந்துப் பையைக் கைப்பெட்டிக்குள் வைக்காமல் தோளில் தனியாக மாட்டிக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டாவது, சக்கர நாற்காலி. மொழி தெரியாத ஊரில் வழி தப்பாமல் இருக்கவே நம் பெரியவர்கள் பலர் சக்கர நாற்காலி கேட்டு வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தள்ளுபவர் பைகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, உங்களை ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்து வரலாம். மருந்துப் பை உங்கள் மடியிலேயே இருக்கட்டும். குடிக்கத் தண்ணீரும் கடிக்க ஏதாவதும் அதோடு இருக்கட்டும்.

பிளாஸ்கில் ஐஸ் போட்டு அதில் வைக்கலாமா?

என் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தேன். ஸ்டீல் பிளாஸ்கில் ஐஸ் கட்டிகளை நிரப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நான்கு குப்பிகளை அதில் புதைத்தேன். மகள் வீட்டில் திறந்து பார்த்தபோது ஒரு குப்பியின் உட்சுவரில் வெள்ளையாக, கண்ணாடியில் பனி படிந்ததுபோல் ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தேன், சீராகக் கலந்து வரவில்லை. அடியில் திப்பி திப்பியாக நின்றது. நான்கையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். ஐஸ் நேராகத் தொடவே கூடாது. இப்போது நான் செய்வது இது: பிளாஸ்கில் முந்தைய இரவே குளிர்ந்த நீரை ஊற்றி வைத்து, கிளம்பும்போது கொட்டிவிட்டு, நன்றாகத் துடைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பிகளை மெல்லிய துண்டில் சுற்றி உள்ளே வைத்து மூடுகிறேன். ஜெல் பை வைப்பவர்கள் அதையும் துணியில் சுற்றி, குப்பிக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும்படி வையுங்கள். தண்ணீரில் நனைத்தால் ஆவியாதல் மூலம் தானாகக் குளிரும் துணிப்பைகளும் கிடைக்கின்றன. நம் ஊர் மண்பானையின் அதே கணக்குதான்.

தினமும் போட்டுக்கொண்டிருக்கிற குப்பிக்கோ பேனாவுக்கோ குளிர்ச்சி தேவையில்லை. பெரும்பாலான இன்சுலின் வகைகள் திறந்த பிறகு அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும். சில வகைகள் ஆறு, எட்டு வாரம்கூடத் தாங்கும். டப்பாவுக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். விமானத்துக்குள் இருக்கும் வெப்பநிலை அதற்கு ஏற்றதுதான். பணிப்பெண்ணிடம் கொடுத்து விமானத்துக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லாதீர்கள். அங்கே எவ்வளவு குளிர் என்று நமக்குத் தெரியாது, இறங்கும் அவசரத்தில் மறந்தும் போகும்.

அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். இன்சுலின் எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

நம் ஊர் மருந்துக்கடையில் 10 மி.லி. குப்பியாக வாங்கும் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 40 யூனிட் இருக்கும். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. கனடா, அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் குப்பியிலேயே ஒரு மி.லி.யில் 100 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. நம் ஊரிலும் பேனா கார்ட்ரிட்ஜ் எல்லாம் 100தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். காலையில் 20 யூனிட் போடுகிறவர் நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மி.லி. வரும். அதே சிரிஞ்சில், அந்த ஊரில் வாங்கிய 100 யூனிட் குப்பியிலிருந்து 20 கோடு வரை இழுத்தாலும் அதே அரை மி.லி.தான், ஆனால் உள்ளே இருப்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு. உயிருக்கே ஆபத்து. தலைகீழாக, நம் ஊர்க் குப்பியை அந்த ஊர் ஆரஞ்சு சிரிஞ்சில் இழுத்தால் 20 கோட்டில் வருவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், ஏன் என்று புரியாது.

எனவே குப்பி கொண்டுபோனால் அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சையும் கடைசி நாள் வரைக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அங்கே குப்பி வாங்க நேர்ந்தால் சிரிஞ்சையும் அங்கேயே வாங்குங்கள், பழைய சிரிஞ்சுகளை வீட்டில் வைத்திருக்காமல் அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் வீட்டில் ஊசி போட்டுவிடுகிற மருமகளுக்கும் மகனுக்கும் இதைக் குப்பியையும் சிரிஞ்சையும் கையில் வைத்துக் காட்டியே சொல்லுங்கள். நீண்ட பயணம் என்றால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பேனாவுக்கு மாற முடியுமா என்று மருத்துவரைக் கேட்பது இன்னும் நல்லது. நான் மூன்றாம் பயணத்துக்கு முன் மாறிவிட்டேன். ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் இன்னொரு நிறுவனத்தின் பேனாவில் பொருந்தாது என்பதால் உதிரியாக இரண்டாவது பேனாவும் பையில் இருக்க வேண்டும்.

வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் சேர்ந்த கலவை இன்சுலினின் பெயரும் குழப்பும். நாம் 30/70 என்பதை அமெரிக்காவில் 70/30 என்று எழுதுகிறார்கள். பொருள் ஒன்றுதான்.

எவ்வளவு மருந்து கொண்டுபோகலாம்?

கனடாவுக்குப் போகிறவர் சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவு மருந்து கொண்டுபோகலாம். அமெரிக்காவிலும் பொதுவாக மூன்று மாத அளவைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் தங்கப்போகிறவர்கள் மீதி மூன்று மாதத்துக்கு அங்கே மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும், அதற்கான செலவையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கணக்கு இப்படிப் போடலாம். காலை 24, இரவு 16 என்றால் நாளுக்கு 40 யூனிட். பேனாவில் ஒவ்வொரு முறையும் ஊசியைச் சரிபார்க்க 2 யூனிட் வெளியே விடுவோம், ஆக 44. தொண்ணூறு நாளுக்கு 3,960 யூனிட். ஒரு கார்ட்ரிட்ஜில் 300. ஆக 14 கார்ட்ரிட்ஜ். உடைவது, கெடுவது, திரும்பும் விமானம் தள்ளிப்போவது எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவிக்கான பட்டைகளை மறக்காதீர்கள். நம் ஊரில் விற்கும் கருவியின் பட்டை அங்கே கிடைக்காமல் போகலாம்.

மொத்தத்தையும் ஒரே பையில் வைக்காமல், கூட வருபவர் இருந்தால் பாதியை அவர் கைப்பையில் வையுங்கள். தனியாகப் போகிறவர் இரண்டு சிறு பைகளாகப் பிரித்து இரண்டையும் தன்னோடு வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவர் கடிதம் கட்டாயமா?

ஐந்து பயணங்களில் என்னிடம் இரண்டு முறைதான் கேட்டார்கள். ஆனால் கேட்கிற அந்த நேரத்தில் கையில் இல்லையென்றால் படும் பாடு பெரிது. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், என்ன நோய், ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு, ஊசியும் சிரிஞ்சும் லான்செட்டும் எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்ற ஒரு வரி, மருத்துவரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தேதி. இரண்டு பிரதி எடுங்கள், கைபேசியிலும் படம் பிடித்து வையுங்கள். மூலப்பெயர் முக்கியம். ‘கிளைக்கோமெட்’ என்றால் அங்குள்ளவருக்குத் தெரியாது, ‘மெட்ஃபார்மின்’ என்றால் உலகம் முழுவதும் தெரியும்.

நம் மருந்துக்கடைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்து மாத்திரை அட்டையை ஆறும் நான்குமாகக் கத்தரித்து, காகித உறையில் போட்டு, மேலே ‘காலை 1, இரவு 1’ என்று பேனாவால் எழுதித் தருவார்கள். வீட்டுக்கு அது போதும். விமான நிலையச் சுங்க அதிகாரியின் மேசையில் பெயர் இல்லாத, தேதி இல்லாத அரை அட்டையை யார் நம்புவார்கள்? பயணத்துக்கு முழு அட்டையாக, அதன் பெட்டியோடு, பில்லோடு வாங்குங்கள்.

மாத்திரைகளில் எதற்காவது தடை உண்டா?

மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு போன்ற வழக்கமான சர்க்கரை மாத்திரைகளால் சிக்கல் வராது. சிக்கல் வருவது பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு மாத்திரையால். பாத எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் தருகிற பிரீகாபலின். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அமீரகத்துக்குள் கொண்டுபோக அந்நாட்டு இணையதளம் வழியாக முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பிரிட்டன் 2019 ஏப்ரலில் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கோடீன், டிரமடால் சேர்ந்த வலி மாத்திரைகளுக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் வளைகுடா நாடுகளில் இதே கண்டிப்பு. துபாயில் நான்கு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் மருந்துச் சீட்டை ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள்.

தடை இல்லாவிட்டாலும் கிடைக்காமல் போகும் மருந்துகள் உண்டு. இங்கே சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் வோக்லிபோஸ், வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின், கிளிக்லசைடு ஆகியவை அமெரிக்காவில் விற்பனையில் இல்லை.

நாவல் கொட்டைத் தூள், வெந்தயப் பொடி, பெயர் ஒட்டாத சூரணங்கள் இவற்றை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் விதை, பட்டை, வேர் எதுவானாலும் அறிவிக்காவிட்டால் அபராதம். இன்சுலினுக்கு யாரும் நிறுத்தாத இடத்தில் பொடிக்கு நிறுத்திவிடுவார்கள்.

நேரம் மாறும்போது ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது?

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால். இந்தச் சிறு வித்தியாசத்துக்குப் பெரிய மாற்றம் எதுவும் வேண்டியிருக்காது. டொராண்டோ, நியூயார்க் என்றால் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம்.

மேற்கே போகும்போது அந்த நாள் நீளும். கோடையில் 24 மணி நேரம் முப்பத்து மூன்றரை மணி நேரமாகும். கூடுதலாக ஒன்றிரண்டு வேளை சாப்பிடுவோம், நேற்று போட்ட இன்சுலின் தீர்ந்துபோகும், இடையில் ஒரு டோஸ் தேவைப்படலாம். கிழக்கே திரும்பும்போது நாள் பதினான்கரை மணி நேரமாகச் சுருங்கும். இரண்டு ஊசிகள் நெருங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று வேலை செய்யும். சர்க்கரை இறங்கும் அபாயம் அங்கேதான். போகும்போது கவனமாக இருந்துவிட்டுத் திரும்பும்போது அசந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிக்கெட் கிடைத்த அன்றே அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். புறப்படும் நேரம், மாறும் ஊர், இறங்கும் நேரம் மூன்றையும் காட்டி, எந்த நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று இரண்டு வழிக்கும் தாளில் எழுதி வாங்குங்கள். இந்திய நேரத்தில் ஓடுகிற ஒரு கைக்கடிகாரம் இறங்கும்வரை மணிக்கட்டில் இருக்கட்டும். பயணத்தில் நான்கு ஐந்து மணிக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் (டைப் 1) உள்ளவர்கள், குழந்தைகள் உட்பட, எந்தக் குழப்பம் வந்தாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது.

விமானத்தில் எப்போது ஊசி போடுவது?

சாப்பாட்டுத் தட்டு உங்கள் முன்னால் வந்த பிறகு.

கலவை இன்சுலினில் சிலவற்றைச் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே போடச் சொல்வார்கள். வீட்டில் சரி. விமானத்தில் அந்த அரை மணியை நம்ப முடியாது. என் இரண்டாவது பயணத்தில் சாப்பாட்டு வண்டி எனக்கு மூன்று வரிசை முன்னால் நின்றது. சோற்று வாசனை வந்தது. இதற்கு மேல் என்ன தாமதம் என்று ஊசியைப் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் விமானம் குலுங்க ஆரம்பித்தது. சீட் பெல்ட் விளக்கு எரிந்தது, வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 50 நிமிடம். பின்கழுத்தில் வியர்வை இறங்கியது, ஜிப்பைத் திறக்க முடியாமல் விரல்கள் நடுங்கின. பக்கத்து இருக்கைப் பெண்தான் பையைத் திறந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். சர்க்கரை 64 இருந்தது. தண்ணீரில் மூன்று தேக்கரண்டி கரைத்துக் குடித்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 88.

அதிலிருந்து மூன்று விஷயங்களை விடாமல் செய்கிறேன். தட்டு வராமல் ஊசி இல்லை; மருத்துவரும் அதற்குச் சம்மதித்தார். குளுக்கோஸ் பையில் இல்லை, புடவை மடிப்புக்குள் கை போகும் தூரத்தில் சின்னச் சுருக்குப் பையில். ஏறியவுடன் பணிப்பெண்ணிடமும் பக்கத்து இருக்கையாளரிடமும் எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அவையும் சர்க்கரையை இறக்கும்.

கடலை மிட்டாயும் சாக்லெட்டும் பசிக்கு நல்லவை. இறங்கிய சர்க்கரையை ஏற்ற உதவாது, அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, இன்னும் ஏறாவிட்டால் இன்னொரு முறை. பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ.

சர்க்கரை நோயாளிக்கான தனிச் சாப்பாடு கேட்கலாமா?

கேட்கலாம், புறப்படுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கு நான் சாதாரண சைவச் சாப்பாட்டையே சொல்வேன். தனிச் சாப்பாட்டில் மாவுச்சத்து மிகக் குறைவாக இருந்து, போட்ட ஊசிக்குப் போதாமல் போவதுண்டு. இனிப்பை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிட்டால் போயிற்று.

பேனாவில் காற்றுக் குமிழி வருகிறதே?

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. கார்ட்ரிட்ஜில் உள்ள காற்று விரிந்து குமிழியாகும், ஊசியை மாட்டியே வைத்திருந்தால் மருந்து கசியும். ஊசியைக் கழற்றி வையுங்கள். போடும் முன் புது ஊசி மாட்டி, 2 யூனிட் திருகி, மேல்நோக்கிப் பிடித்து அழுத்துங்கள், நுனியில் துளி தெரியும்வரை. குப்பியில் இருந்து எடுக்கிறவர்கள் வழக்கமாகச் செலுத்தும் காற்றைக் குறைத்துச் செலுத்துங்கள்.

போட்ட ஊசியை என்ன செய்வது?

சர்க்கரை பார்க்கும் பட்டைகள் தீர்ந்துபோன குடுவை ஒன்றைக் கொண்டுபோங்கள், அதில் போட்டு மூடிவிடலாம். இருக்கைப் பையில் செருகிவிட்டு வராதீர்கள். விமானம் தரையிறங்கிய அரை மணியில் ஒரு தொழிலாளி வந்து அந்தப் பைக்குள் கையை விடுவார்.

உடலில் சர்க்கரை பார்க்கும் சென்சார், இன்சுலின் செலுத்தும் பம்ப் மாட்டியிருப்பவர்கள்?

இன்சுலின் எக்ஸ்ரேயில் போகலாம், ஆனால் பம்ப், சென்சார் எல்லாம் அப்படி அல்ல. சில நிறுவனங்கள் தங்கள் கருவியை எக்ஸ்ரேயிலும் முழு உடல் ஸ்கேனரிலும் விடவேண்டாம் என்கின்றன. கருவியோடு வந்த தாளைப் படியுங்கள். வேண்டாம் என்று இருந்தால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், தனி அறையில் பெண்ணுக்குப் பெண் அதிகாரி செய்வார்.

வாரம் ஒருமுறை போடும் ஊசிக்கு?

மவுன்ஜாரோ என்ற சர்க்கரை நோய் ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வாரம் ஒருமுறை என்பதால் நேர வித்தியாசத்தைப் பற்றிக் கவலை இல்லை. நாளை மாற்றலாம், இரண்டு ஊசிகளுக்கு நடுவில் மூன்று நாளாவது இருக்க வேண்டும். வாந்தி, குமட்டல் வருகிறவர்கள் பயணத்துக்கு முந்தின நாள் போடாமல் இருப்பது நல்லது. மற்றபடி கைப்பையில், குளிராக, உறையாமல்.

விமானத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. பரவாயில்லையா?

அம்மாக்கள் பலர் செய்கிற தவறு இது. விமானக் காற்று வறண்டது. அதற்கு மேல், டப்பாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிறவை, உடலில் நீர் வற்றினால் அவை ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அவற்றையும் மெட்ஃபார்மினையும் தொடரலாமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். எழுந்து போவதே காலுக்கும் நல்லது. புதுச் செருப்பில் பயணம் வேண்டாம், கால் வீங்கும், உரசிய இடம் உணர்ச்சியில்லாத பாதத்தில் தெரியாது. இறங்கிய அன்றே உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இறங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை?

எண்களை. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் சர்க்கரையை நம்மைப்போல் 140, 200 என்று சொல்வதில்லை. அவர்களது அளவு மில்லிமோல். 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அங்கே ஆய்வகத்தில் எனக்கு 8.2 என்று வந்ததும் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி என்று நினைத்துப் பதறிவிட்டேன். 148தான் அது.

அடுத்து, குளிர். வெயிலுக்குப் பயந்தே பழகிய நமக்கு இது புதிது. ஜனவரியில் டொராண்டோவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 10, 15 டிகிரி என்பது சாதாரணம். நிறுத்திய காரில் விட்ட பேனாவும், கோட்டின் வெளிப் பாக்கெட்டில் வைத்த பேனாவும் உறைந்துபோகும். உடம்பை ஒட்டி உள் பாக்கெட்டில் வையுங்கள்.

மருந்து தொலைந்தோ உடைந்தோ போனால்?

நான்காம் பயணத்தில் சமையலறைத் தரையில் கார்ட்ரிட்ஜ் பெட்டி விழுந்து மூன்று உடைந்தன. ஓடு முழுவதும் இன்சுலினின் அந்த மருந்து வாடை. மகள் பக்கத்து மருந்துக்கடைக்கு அழைத்துப் போனாள். கனடாவில் இன்சுலினுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் இல்லை, மருந்தாளுநரே விசாரித்துத் தருவார். அவர் என் மருத்துவர் கடிதத்தைப் படித்துவிட்டு, பேனாவை வாங்கிப் பார்த்து, பொருந்துவதை எடுத்துக் கொடுத்தார். 1921இல் இன்சுலினைக் கண்டறிந்ததும், 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டதும் இந்த ஊரில்தான் என்று மகள் வழியில் சொன்னாள். அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அமெரிக்காவில் பழைய வகை மனித இன்சுலின், அதாவது ரெகுலர், என்.பி.எச்., 70/30 ஆகியவை பெரும்பாலான மாநிலங்களில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். புதிய வகைகளுக்குச் சீட்டு வேண்டும். அங்கே வாங்குவது பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 100 யூனிட் என்பதை நினைவில் வையுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை நோயை மறைக்காதீர்கள். முன்பே உள்ள நோய்க்கு எதுவரை தருவார்கள் என்ற பத்தியைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பல திட்டங்கள் உயிராபத்து வந்தால் மட்டுமே தரும்.

திரும்பும்போது தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கிளம்பும் முன் மருத்துவரிடம் எழுதி வாங்கிய தாளின் இரண்டாம் பக்கத்தை எடுங்கள், நாள் சுருங்கும் பக்கம் அது. மீதியிருக்கும் மருந்து இரண்டு வாரத்துக்காவது வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். மகள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் பெட்டிதான் கிளம்பும் அவசரத்தில் மறந்துபோகும் முதல் பொருள். நான் முந்தின இரவே பாஸ்போர்ட்டை ஒரு உறையில் போட்டு அந்தப் பெட்டியின் மேலேயே வைத்துவிடுகிறேன்.